வசுமதிக்கு வாங்கிய கட்டில்

சனிக்கிழமை என்றாலே ஜானகிக்கு ஆகாது. மற்ற வீடுகளில் சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் என்றால் புருஷன் சீக்கிரம் வருவான், டிபன் கேட்பான், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்குப் போவான். அவள் புருஷன் பஞ்சாபகேசன் அபிராமபுரத்து வீட்டுக்கு வர ஐந்து மணி ஆகும். வரும்போது கையில் ஏதாவது ஒரு சனியன் இருக்கும். யாரோ தொட்ட, யாரோ தின்ற, யாரோ தலை வைத்த பழைய சாமான். "ஜானு, கண்ணை மூடிண்டு கையை நீட்டு, பாப்போம்" என்பார், ஐம்பத்தைந்து வயதில். நீட்டுவதாவது! அவள் இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொள்வாள்.

டயர் கம்பெனியில் ஹெட் கிளார்க் அவர். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, காபியைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. "உங்காத்துக்காரர் தங்கமான மனுஷர்" என்று கோவிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தால் அல்லவா தெரியும், தங்கத்தின் லட்சணம்! அடையாற்றில் எந்த வெள்ளைக்காரனாவது வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஊருக்குப் போகிறான் என்றால் இவர் முதல் ஆளாகப் போய் வாசலில் நிற்பார். மவுண்ட் ரோடு ஏலக்கடைகளில் பியூன் முதல் முதலாளி வரை இவருக்கு சலாம் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வேலு. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய சாமான் விற்கிறவன்.

அந்தக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் பஞ்சாபகேசனுக்குப் பசி தாகம் கிடையாது. ஊர் முழுக்க வெண்கலத்தைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. வேலுவிடம் சாமான் மலையாகக் குவிந்து கிடக்கும். வெண்கலத்தை விரல் முட்டியால் தட்டி, காதோடு வைத்து, நாதம் ஓய்கிற வரை கேட்பார். மரத்தை மோந்து பார்ப்பார். பீங்கானைத் திருப்பி அடியில் இருக்கிற முத்திரையைப் படிப்பார். வேலு ஒரு விலை சொல்ல, இவர் எழுந்து போவது போலப் போக, அவன் கூப்பிட, இவர் காது கேளாதவர் மாதிரி இன்னும் நாலடி நடக்க, கடைசியில் சாமானைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அதில் அத்தனை களை இருந்ததாக ஜானகிக்கு ஞாபகம் இல்லை.

களை அவருக்கு, அவதி இவளுக்கு. ஒரு சமயம் சாய்வு நாற்காலி ஒன்று வந்தது. தலை சாய்க்கிற இடத்தில் எவரோ இருபது வருஷம் எண்ணெய்த் தலையை வைத்து வைத்து, மரம் கறுத்துப் பிசுபிசு என்று இருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், சோடா போட்டுத் தேய்த்தாள். வெயிலில் வைத்தால் எண்ணெய் மறுபடியும் கசிந்து வந்தது. பிறகு ஒரு எழுத்து மேஜை. இழுப்பறையைத் திறந்தால் மூலையில் மஞ்சள் மஞ்சளாக வெட்டிப் போட்ட கால் நகம், ஒன்றா இரண்டா, ஒரு பிடி இருக்கும். வெள்ளி வெற்றிலைப் பெட்டியில் எவனோ கடைசியாகக் கிள்ளிப் போட்ட காம்பு சுண்ணாம்போடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தந்தச் சீப்பு என்று ஒன்று கொண்டுவந்தார், பல்லிடுக்கில் செம்பட்டை முடியோடு.

"துரைசானி சீப்புடி!" என்றார்.

துரைசானியாக இருந்தால் என்ன, மகாராணியாக இருந்தால் என்ன, தலை அழுக்கு தலை அழுக்குதானே? சே! ஜானகி அதை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே போய்க் கொல்லைச் சாக்கடையோரம் விட்டாள். அவர் அதை எடுத்துக் கழுவி, துடைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தது அந்த மூடி போட்ட நாற்காலி. நல்ல தேக்கு, கைப்பிடியில் கொடி வேலைப்பாடு. உட்காரும் பலகையைத் தூக்கினால் உள்ளே வட்டமாக ஒரு குழி. பஞ்சாபகேசன் அதைக் கூடத்தில் போட்டு, குழிக்குள் நியூஸ்பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டார். நாள் கிழமையில் பலகைக்கு மேல் வெற்றிலைத் தட்டு. ஒரு நாள் கே.கே. நகரிலிருந்து ஜானகியின் தம்பி சேதுராமன் வந்தான். ரயில்வேயில் இருக்கிறவன், பெரிய துரைமார் போகிற வண்டிகளை எல்லாம் பார்த்தவன். வெற்றிலையை எடுத்துக்கொண்டே பலகையைத் தூக்கிப் பார்த்தான். மூடினான். எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"அக்கா, துரைமார் ராத்திரியில எழுந்து வெளிக்குப் போறதுக்கு வெச்சிருப்பா, அந்த நாற்காலி இது."

ஜானகி அன்று இரண்டு தடவை தலைக்குக் குளித்தாள். பஞ்சாபகேசன் அசைந்து கொடுத்தாரா? "ஐம்பது வருஷத்துச் சாமான். இன்னுமா இருக்கும் அதுல?" என்று கேட்டுவிட்டு அதற்குள்ளிருந்தே பேப்பரை எடுத்துப் படித்தார். அந்தக் கையாலேயே சாப்பிட உட்கார்ந்தார். அவருக்குப் பரிமாறும்போது ஜானகிக்குக் குமட்டியது.

உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். வேலுவிடமிருந்து வந்ததில் ஒரே ஒரு சாமானுக்கு அவளும் அடிமைதான். ஒரு வெண்கல உருளி, கனமானது. வந்த புதிதில் மூன்று நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றினாள். ஏற்றின பிறகு விடவில்லை. பாயசம் அடி பிடிக்கவே பிடிக்காது. வெண்கலத்துக்குப் புளி போட்டுத் தேய்த்தால் தோஷம் போய்விடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதே சமாதானத்தில் வேலு கொடுத்த குத்துவிளக்கு ஒன்றும் சாமி அறைக்குள் போயிருந்தது.

எழுபத்து நாலாம் வருஷம் ஆனி மாசத்தில் அவர்களுடைய ஒரே பெண் வசுமதி பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. ஹைதராபாத்தில் கொடுத்திருந்தார்கள். முதல் தடவை மூன்றாம் மாசத்தில் கலைந்தது, அடுத்த தடவை ஐந்தாம் மாசத்தில். இது மூன்றாவது. எட்டாம் மாசம் வரை வந்துவிட்டது. ஜானகி வாய் திறந்து சந்தோஷப்படக்கூடப் பயந்துகொண்டிருந்தாள். "தரையில் உட்காரக் கூடாது, தரையில் படுத்து எழுந்திருக்கக் கூடாது, ஜாக்கிரதை" என்று அங்கே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டிலோ எல்லாரும் பாயில் படுக்கிறவர்கள். கட்டில் என்று இருந்தது ஒன்றே ஒன்று. ஏலத்தில் எடுத்த இரும்புக் கட்டில், குழாய்க்குள் மூட்டைப்பூச்சி குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது.

ஜானகி புருஷனை உட்கார வைத்துப் பேசினாள்.

"ஏண்ணா, இத்தனை வருஷம் நீங்க கொண்டு வந்து கொட்டினதை எல்லாம் தேச்சுக் கழுவிண்டு வாயை மூடிண்டு இருந்தேன். இந்த ஒண்ணு மட்டும் எனக்குப் புதுசா வேணும். நகக் கட்டிலோ சீக்குக் கட்டிலோ கொண்டு வந்தேள், நான் மனுஷியா இருக்க மாட்டேன். எவரும் படுக்காத கட்டில். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுடி. எவரும் படுக்காத கட்டில். போறுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

பெண் வருவதற்கு நாலு நாள் முன்னால் மாட்டுவண்டியில் கட்டில் வந்து இறங்கியது. ஜானகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொண்டை ஊசியால் ஒவ்வொரு பொருத்தையும் குத்திக் குத்திப் பார்த்தாள். ஒரு பூச்சி இல்லை, ஒரு கறை இல்லை. புதுத் தேக்கு, பாலிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. இலவம்பஞ்சு மெத்தை, கோடு போட்ட உறை, உப்பிக்கொண்டு இரண்டு தலையணை. தலையணையை முகத்தோடு வைத்து மோந்து பார்த்தாள். பஞ்சு வாசனைதான், மனுஷ வாசனை இல்லை. எந்தக் கடை என்று கேட்டாள். தி. நகரில் ஒரு கடை என்றார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த மனிதர் அவளுக்காகப் புதுசாக வாங்கின முதல் சாமான் இதுதான். அன்றைக்கு உருளியை ஏற்றிப் பாயசம் வைத்தாள்.

வசுமதி வந்தாள், வந்ததும் கட்டிலில் விழுந்தாள். "அம்மா, சொர்க்கம்மா இது!" என்றாள். பத்து நாள் அதில்தான் இருப்பு. அதிலேயே சாப்பாடு, வாரப் பத்திரிகை, தூக்கம் எல்லாம். பஞ்சாபகேசனும் திருந்திவிட்டார் போலத்தான் இருந்தது; சனிக்கிழமை வேட்டையை நிறுத்திவிட்டு ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் ஸ்டூலை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டு பெண்ணோடு ஊர்க்கதை பேசினார். கண் படக் கூடாதே என்று ஜானகி மூன்று பேருக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும். வசுமதி அறையில் கண்ணயர்ந்திருந்தாள். வேலைக்காரி முனியம்மாள் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வேலு வந்தான், தோளில் ஒரு கோணியோடு.

"இன்னா மாமி, ஐயரு கீறாரா?"

"ஆபீஸ் போயிருக்கார். என்ன வேணும்?"

"ஒண்ணியுமில்ல. அந்தக் கட்டிலோட வந்த சாமான் எங்கிட்டயே குந்திகினு கீது. அவரு வோணாம்னுட்டாரு. ஒரு செட்டா வந்தத தனித்தனியா எவன் வாங்குவான்? நீங்களாச்சும் பாருங்க. பாதி வெலைக்கித் தள்றேன்."

எந்தக் கட்டில் என்று அவள் கேட்பதற்குள் அவன் கோணியைத் துணி துவைக்கிற கல்லின்மேல் கவிழ்த்தான். ஒரு புதுக் குடை விழுந்தது. ஒரு ஜோடி புதுச் செருப்பு. ஒரு பித்தளைச் செம்பு. ஒரு பனையோலை விசிறி. ஒரு கைவிளக்கு.

ஜானகிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் இந்தச் சாமான்களை இதே மாதிரி வரிசையாக வைத்து இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், அப்பா போனபோது ஒரு தடவை, அம்மா போனபோது ஒரு தடவை. செத்தவர் போகிற வழியில் வெயிலுக்குக் குடை, முள்ளுக்குச் செருப்பு, தாகத்துக்குச் செம்பு, இருட்டுக்கு விளக்கு. படுக்கக் கட்டில், மெத்தை, தலையணை. காரியத்தின் கடைசி நாட்களில் செத்தவர் பேரைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டு, தானம் கொடுப்பார்கள். அந்தக் கட்டிலில் செத்தவரே படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு நமஸ்காரம் பண்ணுவார்கள். அப்பாவின் கட்டிலுக்கு அவளும் பண்ணியிருக்கிறாள். கொடுத்த பிறகு அதன் பக்கம் திரும்பியே பார்க்கக் கூடாது என்று அத்தை அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

முனியம்மாள் கையில் தேய்த்த பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தாள். "ஐய்யே, இன்னாய்யா இது, சாவூட்டு சாமானை எடுத்துகினு புள்ளத்தாச்சி கீற ஊட்டுக்கு வந்துகீறே! அறிவு கீதா உனுக்கு?" என்று கத்தினாள்.

"தோ பாரு, சும்மா கூவாதே. அல்லாம் புது சாமான்தான். லஸ்ல பெரிய ஊடு, கெழவரு பூட்டாரு, புள்ளைங்க ஷோக்கா செஞ்சாங்க. தானம் வாங்கின ஐயரு ஒண்டுக்குடித்தனத்துல கீறாரு, பாவம். அவரு கட்டில எங்க போட்டுக்குவாரு? அன்னிக்கே எங்கையில தள்ட்டாரு."

தானம் வாங்கின அந்த மனிதர்மேல் ஜானகிக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அது பிழைப்பு. வேலுவுக்கும் பிழைப்பு. அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இது காரியத்துக் கட்டில்னு அவருக்குத் தெரியுமா?"

வேலு சிரித்தான். "நல்லா கேட்டீங்க! ரெண்டு மாசமா அவருதானே சொல்லி வெச்சிருந்தாரு. 'வேலு, காரியத்து சாமான்ல நல்ல கட்டில் வந்தா எனுக்குத் தான் முதல்ல சொல்லணும், வேற ஆருக்கும் குடுத்துடாதே'ன்னாரு. ஐயருக்குத் தெரியாம நான் குடுப்பனா? குடை, செருப்பு, மத்த சாமானெல்லாம் வோணாம், ஊட்ல கண்டுபுடிச்சிடுவாங்கன்னாரு..." சொல்லி முடிக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வேற என்னெல்லாம் வந்திருக்கு இந்த ஆத்துக்கு, அந்த மாதிரி?"

"வுடுங்க மாமி..."

"சொல்லு."

தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். ரெண்டு சொம்பு. தாம்பாளம் ஒண்ணு. அந்த வெங்கல உருளி. சாமி ரூம்புல வைக்கச் சொல்லிக் குடுத்த குத்துவிளக்கு. அதற்குமேல் ஜானகியால் கேட்க முடியவில்லை. முனியம்மாளை இடித்துத் தள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடி, காலையில் குடித்த காபியிலிருந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். முனியம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த உருளியில் எத்தனை பாயசம்! வசுமதி வந்த பிறகு வைத்த பாயசத்தை அவள் இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தாளே! தினம் இரண்டு வேளை அந்த விளக்கை ஏற்றி, என் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று கும்பிட்டாளே! வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள். கசப்பு போகவில்லை.

வேலு எப்போது போனான் என்று தெரியாது. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வசுமதி அந்தத் தலையணையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தூங்கினாள். எழுப்பி இறக்கிவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. என்ன சொல்லி எழுப்புவது? இரண்டு தடவை பறிகொடுத்தவள், எட்டு மாசம், மிரண்டுவிட்டால்? உள்ளங்கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜானகி சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரை மணிக்குப் பஞ்சாபகேசன் வந்தார். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். ரசத்தை அவர் உறிஞ்சுகிற சத்தம்கூட அன்றைக்குச் சகிக்கவில்லை.

"வேலு வந்திருந்தான்" என்றாள்.

"எதுக்கு?"

"குடையும் செருப்பும் கொண்டு வந்தான்."

கை துடைத்துக்கொண்டிருந்தவர் நின்றார். அப்போதாவது வெட்கப்படுவார் என்று நினைத்தாள். அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்த மடையனை ஆத்துக்கு வரப்படாதுன்னு சொல்லியிருந்தேனே!"

"தெரிஞ்சுண்டே வாங்கினேள்."

"மெதுவாப் பேசு, கொழந்தை காதுல விழும். இதோ பார் ஜானு, எவரும் படுக்காத கட்டில் வேணும்னே. எவரும் படுக்கலை. நான் சத்தியம் தப்பலை. செத்தவனா வந்து படுத்தான்? பேரைச் சொல்லித் தாரை வார்க்கறா, அவ்வளவுதான். மந்திரம் சொன்னா மரம் கெட்டுப் போயிடுமா? அசல் பர்மா தேக்குடி அது! கடையில இதை வாங்கணும்னா என்ன ஆகும் தெரியுமா? பாதிக்குப் பாதி! வேலு விட்டுக் குடுக்கவே மாட்டேன்னான், நான் ரெண்டு தடவை எழுந்து போனேன், அப்புறம்தான்..."

அந்த நேரத்திலும் அவர் முகத்தில் அந்தக் களை எட்டிப் பார்த்தது. ஜானகிக்கு அந்த முகத்தைப் பார்க்கவே கூசியது. நகமும் எண்ணெயும் முடியும் எச்சில் காம்பும் எல்லாம் தேவலை என்று தோன்றியது.

"அப்போ உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்லை?"

"சுத்தப் பேத்தல்."

"சரி. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. நேரா உள்ளே போயி அந்தக் கட்டில்ல படுங்கோ. அரை மணி படுத்துட்டு எழுந்து வாங்கோ. அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா என்னைச் செருப்பால அடிங்கோ. வசு அதுலயே இருக்கட்டும், அவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"இவ்வளவுதானே? ஆஹா!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஜானகி பின்னாலேயே போனாள்.

வசுமதி விழித்துக்கொண்டு பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். "அப்பாக்கு முதுகு வலிக்கறதாம். செத்த படுத்துக்கட்டும்" என்றாள் ஜானகி. குரலை எப்படிச் சரியாக வைத்துக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

"வாப்பா, வா!" பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். ஊன்றிக்கொண்டு நகர்ந்து, கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, தலையணையைத் தட்டி நேராகப் போட்டாள். "படுத்துண்டு பாரு, மெத்தை எப்படி இருக்குன்னு. பத்து நாளா நானும் பாக்கறேன், ஆசையா நீ வாங்கின கட்டில், நீ ஒரு நாள்கூட இதுல உக்காரலையே! ஜன்னல்கிட்ட ஸ்டூலைப் போட்டுண்டு அங்கேயே உக்காந்துக்கறே."

ஜானகிக்குச் சுருக்கென்றது. ஆமாம், ஸ்டூல். தினமும் ஜன்னலோரம், கட்டிலுக்கு மூன்று முழம் தள்ளி.

பஞ்சாபகேசன் கட்டிலருகே போனார். தலையணைப் பக்கம் கையை நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றது. அதை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். நெற்றியில் வேர்வை பொடித்தது. மெத்தைக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிட்ட உடனே படுத்தா எனக்கு நெஞ்சைக் கரிக்கும்" என்றார்.

"அப்போ உக்காரு. நான் முதுகைப் பிடிச்சு விடறேன்." வசுமதி சிரித்துக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

அவர் வெடுக்கென்று கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். பிடுங்கின வேகத்தில் வசுமதி தடுமாறிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஜானகிக்கு அந்தக் கட்டில்மேல் இருந்த அருவருப்பு அந்த நிமிஷத்தில் எங்கேயோ போய்விட்டது. மரம் என்ன பண்ணும், பாவம்? முப்பது வருஷம் ஒரே கூரைக்குள் படுத்து எழுந்த மனுஷனைப் பார்க்கத்தான் உடம்பு கூசியது. நம்பிக்கை இல்லாதவர் என்றால்கூட மன்னித்திருப்பாள். நம்பிக்கை இருக்கிறது, பயம் இருக்கிறது, தனக்கு வேண்டாம் என்ற ஜாக்கிரதையும் இருக்கிறது.

"வசு, எழுந்திரு. சேதுமாமா ஆத்துக்குப் போறோம். முனியம்மா, தெருக்கோடியில டாக்சி நிக்கறதா பாரு!"

"ஜானு, இப்போ நான் என்ன பண்ணிட்டேன்னு நீ இப்படி..."

"பெத்த பொண்ணைப் பத்து நாளாப் படுக்க வெச்சேள். உங்களால ஒரு நிமிஷம் உக்கார முடியலை."

முனியம்மாள் வாசலுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. வசுமதி வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சட்டத்தைப் பிடித்து மெல்லக் கீழே இறங்கினாள். பஞ்சாபகேசன் அவசரமாக முன்னே வந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.